இருபத்து மூன்று கிலோ அறுநூறு

மார்ச் 3

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குரலை உயர்த்தியதும் நீ லிஃப்டுக்குள் இருப்பதாக உனக்கு நினைவு வந்துவிடும், சிக்னல் போய்விடும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது ஒரு வசதி. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசைமேல் அப்படியே கிடந்து உன்னைப் பார்க்கும். அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து, முதல் மெஷினில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் திணித்துக்கொண்டிருந்தேன். தூண்டில் சங்கத்துச் செயலாளர் வந்தார். கையில் நாலு மீட்டர் பச்சை வெல்வெட். ஆவியில் மட்டும்தான் தேய்க்க வேண்டும், பெட்டியை நேராக வைக்கக் கூடாது என்று எனக்கே பாடம் நடத்தினார். இருபத்தாறு வருஷமாகச் சலவைக் கடை வைத்திருப்பவளுக்கு வெல்வெட் தேய்க்கத் தெரியாதாம். என்ன விசேஷம் என்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் செத்துவிட்டது என்றார்.

ஆமாம், நம் ஹெட்மாஸ்டர்தான். செங்கல் கம்பெனிக்காரன் மண் தோண்டிப் போட்ட பள்ளத்தில் தண்ணீர் நின்று, அதில் எப்படியோ வந்து வளர்ந்த கெண்டை. அது ஒரு பக்கம் வந்தால் மற்ற மீன்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். போன வாரம் கோரைப்புல் ஓரம் மிதந்ததாம். அதற்கு மரியாதையாக, புதிதாகக் கட்டிய சங்க ஹாலில் சாதனைப் பலகையையும் புதிதாக எழுதி ஏப்ரல் ஆறாம் தேதி திறக்கிறார்களாம். முதல் வரி: ஹெட்மாஸ்டர், இருபத்து மூன்று கிலோ அறுநூறு. பிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். நீ வந்து திரையை விலக்க வேண்டுமாம். அந்தத் திரையை நான் தேய்க்க வேண்டுமாம்.

"உங்க தம்பியால நம்ம சங்கத்துக்கே பெருமைம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அந்த மீனைப் பிடித்த அன்று எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது உனக்குக் குழம்பிப்போயிருக்கலாம். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

தண்ணீருக்குள் முங்கிக் கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் சேற்றிலிருந்து குமிழி குமிழியாக வருவதைக் கண்டுபிடித்தது நான். மூன்று நாள், கடை மூடிய கையோடு சைக்கிளில் போய் அந்த இடத்தில் அவித்த மக்காச்சோளத்தைத் தூவிவிட்டு வந்தது நான். "மீனுக்கு ஓட்டல் நடத்துறியா?" என்று சிரித்தது நீ. நாலாம் நாள் விடியற்காலைத் தூறலில் என் தக்கை முங்கவே இல்லை. நிமிர்ந்து நின்றது அப்படியே தண்ணீர்மேல் படுத்தது. மீன் இரையை மேலே தூக்கினால்தான் அப்படிப் படுக்கும். நான் எழுந்து தூண்டிலைத் தூக்கினேன், அது ஓட ஆரம்பித்தது. ஐம்பது நிமிஷம். நடுவில் ரீல் சிக்கிக்கொண்டது. தூண்டில் நரம்பைக் கையால் சுற்றிப் பிடித்தேன். அது வலது கையின் இரண்டு விரல்களை எலும்புவரை அறுத்தது. நீ வலையை வைத்துக்கொண்டு இரண்டு தடவை கோட்டைவிட்டாய். மூன்றாவது தடவை நான் போட்ட சத்தத்தில்தான் மீன் வலைக்குள் வந்தது. எடை போட்டு, படம் எடுத்து, சங்க வழக்கப்படி மறுபடி தண்ணீரிலேயே விட்டோம்.

உனக்கு அந்தச் சங்கத்து விதி தெரியும். பலகையில் ஏறிய பெயரை அழிக்கக் கூடாது, தப்பென்று தெரிந்தால் மேலே சிவப்புக் கோடு போட்டு அடிக்கலாம். மீன் வயிற்றில் ஈயக்குண்டைத் திணித்து எடை போட்டானே ஒரு கடன்காரன், அவன் பெயரைக்கூடக் கோட்டோடு சேர்த்துப் புதுப் பலகைக்கு மாற்றி எழுதுகிறார்களாம். ஈயக்காரனுக்கு அங்கே இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

ஏப்ரல் ஆறுக்குள் செயலாளருக்கு உண்மையை எழுது. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் ஒரு தடவை நிஜமாகவே லிஃப்டுக்குள், பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில்.

நீ எழுதியதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் என்றைக்காவது யாரிடமாவது வாயைத் திறந்து "நான்தான் பிடித்தேன்" என்று சொன்னேனா? "உன்னால தூக்க முடியும், நீ பிடிச்சுக்க, நான் படம் எடுக்கிறேன்" என்று நீதான் சொன்னாய். நான் தூக்கினேன். படத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் பிடித்தார்கள் என்று பத்திரிகைக்காரர் எழுதிவிட்டார். அது என் குற்றமா?

நீ வலையைப் பற்றி எழுதினாய். எட்டு வயதிலிருந்து நான் உனக்கு வலை தூக்கி. கூடை தூக்கி, குடை பிடிப்பவன், இரை பிசைபவன். நான் சொந்தமாகத் தூண்டில் போட்டால் "அங்க போடாதே, இங்க போடு" என்பாய். இங்கே போட்டால் "சத்தம் போடாமல் போடு" என்பாய். மீன் விழுந்தால் நீ சொன்ன இடம். விழாவிட்டால் என் கை. இதை நான் இதுவரை யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை. நீ கேட்டதால் சொல்கிறேன். நீ கேட்கவும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

செயலாளர் எனக்கும் அழைப்பு அனுப்பினார். முட்டி வலி, வர முடியாது என்று பதில் போட்டுவிட்டேன். பலகையில் எவன் பெயர் இருந்தால் என்ன? நாலு கிழங்கள் டீ குடிக்கும்போது நிமிர்ந்து பார்க்கப்போகின்றன. மீனே செத்துப்போய்விட்டது. விட்டுவிடு அக்கா.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 12

தம்பி,

நன்றாக இருக்கிறது உன் சப்பைக்கட்டு. விட்டுவிட வேண்டுமாம். விட்டுவிட்டுத்தானே பதினேழு வருஷம் இருந்தேன். இன்னும் எதை விடுவது?

வாயைத் திறந்து சொல்லவில்லை என்கிறாய். அதைத்தான் நானும் சொல்கிறேன், நீ வாயைத் திறக்கவே இல்லை. கல்லுளிமங்கன் மாதிரி நின்றாய். நிற்பதற்கே உனக்குப் பத்திரிகையில் படம் வந்தது.

உன் முட்டி வலியைச் செயலாளர் வந்து என்னிடம் விசாரித்தார். "பாவம், அந்த மீனைத் தூக்கினதுலேயே வந்திருக்கும்" என்றார். நான் அப்போது கையில் சூடான இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தேன். அவர் நல்ல நேரம், ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு விரலுக்கும் ஒன்பது தையல். இன்றைக்கும் அந்த விரல்களை முழுசாக மடக்க முடியாது. சட்டைக் காலரைத் தேய்க்கும்போது மூன்று விரலால்தான் இழுத்துப் பிடிக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது சட்டை. நாற்பது தடவை அந்த மீன் எனக்கு ஞாபகம் வருகிறது. உனக்கு எப்போது ஞாபகம் வரும், யாராவது கை குலுக்கும்போதா?

இன்னொன்றும் சொல்கிறேன். எடை போடக் கான்வாஸ் தொட்டிலில் கிடத்தியபோது அதன் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே முட்டை. அது பெண் மீன். உடனே அங்கேயே சொன்னேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அதற்கும் கடைசிவரை ஹெட்மாஸ்டர்தான்.

அன்று ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா படுக்கையில் இருந்தார். உன்னைப் பற்றி அவருக்கு இருந்த எண்ணம் நம் இருவருக்கும் தெரியும். மறுநாள் பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் கையாலும் ஒண்ணு உருப்படியா நடந்திருக்குடா" என்றார். நான் கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றேன். உன் கைக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அது எனக்குத் தெரியும்.

அவர் இருக்கிறவரை பொறுத்தேன். நாலு வருஷம். அவர் போனபின் நீயாகச் சொல்வாய் என்று பதின்மூன்று வருஷம் காத்திருந்தேன். போதும். நீ எழுதாவிட்டால் ஏப்ரல் ஆறாம் தேதி திரையை நானே இழுத்துவிட்டு எல்லோர் முன்னாலும் பேசுவேன். துணி என்னிடம்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

வாசலில் நீ நின்றது எனக்கு மறந்தால்தானே. அந்தக் காட்சியோடுதான் நான் வேறு ஊருக்கே வந்தேன். வேலை கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வேலை அங்கேயும் இருந்தது.

போன கடிதத்தில் நான் ஒன்றை மழுப்பினேன். பத்திரிகைக்காரர்மேல் பழியைப் போட்டேன். அது முழு உண்மை இல்லை. பள்ளத்துக் காவலாளி உன்னைச் சைக்கிளில் வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார் இல்லையா, அப்போது செயலாளர் படிவத்தை நீட்டினார். "பிடித்தவர் கையொப்பம்" என்று கட்டம் இருந்தது. நான் ஒரு நிமிஷம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் "சீக்கிரம் போடுப்பா, மழை வருது" என்றார். போட்டுவிட்டேன். மழைக்குப் பயந்து போட்டதல்ல. அந்த ஒரு நிமிஷம் என் பெயர் அங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நீ திரும்பி வந்ததும் மாற்றிவிடலாம் என்றும் தோன்றியது. நீ திரும்பி வந்தபோது பத்திரிகைக்காரர் வந்துவிட்டார். அதன்பிறகு அப்பா.

என் மகள் ஐந்தாம் வகுப்பில் "என் அப்பாவின் மீன்" என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். அந்தப் பரிசு டம்ளரில்தான் நான் தினமும் தண்ணீர் குடிக்கிறேன். இது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

சரி. செயலாளருக்கு எழுதுகிறேன். அந்த வரியையே பலகையிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். அதில் உன் பெயரைப் போடச் சொல்லி மட்டும் கேட்காதே. காரணம் கேட்காதே. எனக்காக இதை ஒன்று செய்.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

காரணம் சொல்.

நீ கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டதற்கு உன்னைப் பாராட்டலாம் என்று உட்கார்ந்தேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுந்துவிட்டேன். அது உனக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல் போகட்டும் என்கிறாய். அப்படி என்ன என் பெயருக்குக் குறை?

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

நாம் மீனை எடை போட்டோமே, அந்தக் கான்வாஸ் தொட்டில். மீனின் தோல் உரியாமல் இருக்கத் தண்ணீரில் முக்கி எடுத்து, அதற்குள் மீனைக் கிடத்தி, தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினோம். நானும் காவலாளியும் தூக்கினோம். நீ விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு முள்ளைப் பார்த்து "இருபத்து மூணு அறுநூறு" என்று சத்தமாகப் படித்தாய். அப்போதுதான் வந்துசேர்ந்த செயலாளர் எழுதினார்.

படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. "ஈரப் பையின் எடை, கழிக்கவும்." அதில் ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். யாரும் கழிக்கவில்லை. வெறும் தொட்டிலை நனைத்துத் தனியாக எடை போட்டிருக்க வேண்டும். அந்தக் குதூகலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் தொட்டிலைக் காயப்போட எடுத்தேன். ராத்திரி முழுக்க வாளியிலேயே கிடந்திருக்கிறது. தூக்கினால் கை இறங்கியது. கனம் இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தராசு சங்கத்தில் இருந்தது, அதனால் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதற்கு முந்தைய சாதனை முடிவெட்டுகிற பெரியவருடையது, இருபத்து இரண்டு நானூறு. நீயே கழித்துப் பார்.

அப்பா கையில் அந்தப் பேப்பர் இருந்தது. நான் மூச்சு விடவில்லை.

இப்போது புரிகிறதா? உன் பெயரைப் போடச் சொன்னால் படிவத்தை எடுப்பார்கள். படிவத்தை எடுத்தால் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் உன் பெயர் ஏறும், உடனே சிவப்புக் கோடும் ஏறும். ஈயக்காரனுக்குப் பக்கத்தில் ஆயுசுக்கும் நீ. அவமானப்படுவது என் பெயராக இருக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷம் அதை அங்கேயே விட்டேன். முதல் நாள் வேறு காரணம், அதை ஒப்புக்கொண்டேன். பிறகு இதுதான் காரணம். நம்பினால் நம்பு.

தம்பி

*

மார்ச் 26

தம்பி,

தொட்டில் என் பரண்மேல்தான் கிடந்தது. எடுத்தேன். எலி ஒரு மூலையைக் கடித்திருக்கிறது. ஓட்டையால் பையின் எடை குறைந்தால் அது மீனுக்குத்தான் சாதகம், அப்படியே விடுகிறேன்.

கடையில் வாளியில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தடவை உதறி, நாம் அன்று செய்த மாதிரியே என் தராசுக் கொக்கியில் மாட்டினேன். ஒரு கிலோ நானூற்று ஐம்பது. நம்பாமல் மறுபடி மாட்டினேன். அதே. மீன் இருபத்து இரண்டு கிலோ நூற்றைம்பது. பெரியவரின் மீனைவிடக் கால் கிலோ குறைவு.

எனக்கு யார்மேல் கோபம் அதிகம் என்றே தெரியவில்லை. நான் சலவைக்காரி. எடைக்குத் துணி எடுக்கிறவள். ஈரத் துண்டு ஒன்றைத் துணிக் குவியலோடு சேர்த்துத் தராசில் வைத்துவிட்டு, திரும்ப வாங்கும்போது எடை குறைகிறது என்ற வாடிக்கையாளரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டவள். தண்ணீருக்கும் சேர்த்தா என்னிடம் கணக்குப் பார்ப்பது என்று அந்த அம்மாளைக் கேட்டவள். நான் சொட்டச் சொட்ட நனைந்த கான்வாஸைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டு, நானே எடையைப் படித்தேன். என் வாயால் படித்தேன். பெரிய மீனைப் பார்த்தால் இருக்கிற அறிவும் போய்விடுகிறது.

ஆனால் உன்மேல் உள்ள கோபம் வேறு. என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது? என் மீனை எடுத்துக்கொண்டாய். அப்புறம் என் தப்பையும் எடுத்துக்கொண்டாய். எனக்கென்று ஒன்றையாவது மிச்சம் வைத்தாயா? தப்பு என்றால் அதை ஒப்புக்கொள்கிற தைரியம் எனக்கு இல்லை என்று எப்படி முடிவு கட்டினாய்? அப்பா உன்னைக் குழந்தையாகவே வைத்திருந்தார் என்று நீ அழுவாய். அதையேதான் நீ எனக்குச் செய்திருக்கிறாய்.

பெரியவரை நினைத்தாயா? அவருக்கு எண்பது ஆகிறது. என் கடைக்கு மூன்று கடை தள்ளித்தான் இன்னும் முடிவெட்டுகிறார். வாரம் இருபது துண்டு என்னிடம் சலவைக்கு வருகிறது. பதினேழு வருஷமாகத் துண்டைக் கொடுக்கும்போதெல்லாம் "உன் தம்பி மீன் பெரிய மீன்மா, அதுகிட்ட தோத்ததுல எனக்கு வருத்தம் இல்லை" என்று சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும், உன் தம்பி மீன் என்கிறாரே என்று. அவருக்கு எரிந்திருக்க வேண்டிய வயிறு. இன்று காலையும் சொன்னார். நான் துண்டை எண்ணுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவர் தோற்கவே இல்லை.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

நீ திட்டியது முழுவதும் சரி. ஒன்றைத் தவிர: பெரியவரை நினைத்தேன். நினைத்ததால்தான் பதினேழு வருஷமாக அவர் கடையில் முடி வெட்டிக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்தாலும் வெட்டாமலே திரும்பிப்போவேன். நீ கவனித்திருக்க மாட்டாய். "பரட்டைத் தலையோட வந்து நிக்கிறான்" என்று மட்டும் சொல்வாய்.

நேற்று மகளை உட்காரவைத்துச் சொன்னேன். கையெழுத்து, தொட்டில், தாத்தா, எல்லாம். அவள் எழுந்து போனாள். சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். படத்தின் வலது மூலையில் மங்கலாக ஒரு கறை இருக்கும், உனக்கு நினைவிருக்கிறதா? சின்னவளாக இருக்கும்போது அது என்ன என்று கேட்டாள். கேமராவில் கோளாறு என்று சொல்லியிருந்தேன். இப்போது மறுபடி அதில் விரலை வைத்து, "இது அத்தை விரலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துண்டு சுற்றிய உன் விரல், லென்சுக்குக் குறுக்கே வந்தது. அவள் படத்தைத் திரும்ப மாட்டவில்லை. டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறேன்.

இத்துடன் செயலாளருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. மீனைப் பிடித்தது நான், எடையில் பிழை செய்ததும் நான், என் பெயரை அடித்துவிட்டுப் பெரியவரின் பெயரை மேலே ஏற்றுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. அக்கா, இது ஒரு பொய்தான். ஆனால் பெரியவருக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது, கோடு என் பெயர்மேல் விழுகிறது, உனக்கு ஒரு கீறலும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற பொய்யோடு இது முடிந்துவிடும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, அனுப்பிவிடுகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 1

தம்பி,

இல்லை.

நகலைக் கிழித்துவிட்டேன். மூலத்தையும் நீ கிழி. வேறு எழுது. யார் பிடித்தது, யார் கையெழுத்துப் போட்டது, எதைக் கழிக்கவில்லை, மூன்றையும் எழுது. நடந்த வரிசையில் எழுது. ஏப்ரல் நாலுக்குள் வர வேண்டும். அன்று பலகை எழுதுகிறவர் வருகிறார்.

உன் மகளுக்கு மட்டும் என் அன்பு.

அக்கா

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

உன் கடிதம் நாலாம் தேதி காலைத் தபாலில் வந்துசேர்ந்தது. செயலாளர் அதைப் படித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். வியர்த்துப்போயிருந்தது. தொட்டிலை வாளியில் ஊறவைத்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் கண் முன்னால் தராசில் மாட்டி, முள்ளை அவரையே படிக்கச் சொன்னேன். படித்தார். பழைய படிவத்தில் அந்தக் கட்டத்தில் கோடு இழுத்தது தான்தான் என்று அவராகவே ஒப்புக்கொண்டார். அதுவரை எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

பிறகு இருவரும் ஹாலுக்குப் போனோம். பலகை எழுதுகிறவர் ஏணிமேல் இருந்தார். உன் பெயரை அதற்கு முன்னாலேயே எழுதி முடித்திருந்தார், அழகாக, மஞ்சள் எழுத்தில். விதிப்படி அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் "பிடித்தவர் இவரல்ல" என்று காரணம். கோடு போடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. தம்பி பெயர் அடிபடுவதைப் பார்க்க நன்றாகவா இருக்கும்?

அதன் கீழே என் பெயரை எழுதச் சொன்னேன். செயலாளர் தயங்கினார்.

"எப்படியும் அடிக்கத்தானே போறோம், எதுக்கும்மா எழுதணும்? நேரா பெரியவர் பேரைப் போட்டுடலாமே" என்றார்.

"எழுதாத பேரை எப்படி அடிப்பீங்க? முதல்ல எழுதுங்க. அப்புறம் அடிங்க" என்றேன்.

ஈயக்காரன் பெயர் பக்கத்திலேயே வரும் என்று ஞாபகப்படுத்தினார். அவன் ஏன் அடிபட்டான் என்று எழுதியிருக்கிறது, நான் ஏன் அடிபட்டேன் என்றும் எழுதுங்கள், படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் ஏணிப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

எழுதினார்கள். ஹெட்மாஸ்டர், இருபத்து மூன்று கிலோ அறுநூறு, பிடித்தவர் என்று என் முழுப் பெயர். பலகை எழுதுகிறவர் உடனே சிவப்பு டப்பாவைத் திறந்தார். நான் தடுத்தேன். மஞ்சள் ஈரமாக இருக்கும்போது சிவப்பைத் தீட்டினால் இரண்டும் கலந்து வழிந்துவிடும், பெயர் தெரியாமல் போய்விடும், காயட்டும் என்றேன். துணியில் சாயம் ஏறுவதைப் பார்த்தவளுக்கு அது தெரியும். அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லி டீ குடிக்கப் போனார். செயலாளரும் போனார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர் வந்தார். விஷயம் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டது. தோளில் என் கடையில் துவைத்த துண்டு. மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தார். என் விரலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நரம்பைக் கையில சுத்தக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். தன் மீனைப் பற்றியோ, பதினேழு வருஷத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

சாதனை இப்போது பெரியவருடையது என்பதால் ஆறாம் தேதி திரையை அவர் விலக்கினார். உன் கடிதத்தைச் செயலாளர் வரி விடாமல் வாசித்தார். நீ வரவில்லை. முட்டி வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது என்று உன் மகள் போனில் சொன்னாள். உனக்கு நன்றாக வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடு. அவள் பழைய படத்தில் ஒரு பிரதி கேட்டிருக்கிறாள், கறை தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டு வேண்டுமாம். அனுப்புகிறேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு கடிதத்தில் தீருகிற கோபம் இல்லை அது. செப்டம்பரில் வா. முதலில் பெரியவர் கடையில் போய் முடி வெட்டிக்கொள். பிறகு வலையை நீ பிடி, எடையை நான் பார்க்கிறேன். மூழ்கின மரத்துப் பக்கம் மறுபடியும் குமிழி வருகிறதாம்.

இப்போது பலகையில் என் பெயர்மேல் கோடு இருக்கிறது. பக்கத்தில் "ஈரப் பையின் எடை கழிக்கப்படவில்லை" என்று இருக்கிறது. கோடு நேராகத்தான் போட்டிருக்கிறார், அடியில் பெயர் நன்றாகப் படிக்க வருகிறது.

ஆனால் நாலாம் தேதி அந்த மஞ்சள் காயும்வரை, இரண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும், அதன்மேல் எந்தக் கோடும் இல்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று மதியம் கடை திறக்கவில்லை.

அக்கா